தறி போகும், குழி போகுமா?

காரைக்குடி செக்காலையில் குழித்தறியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் ஒருவர், பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குக் குடி போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலை விற்கலாம். அண்டாவை மகளுக்குக் கொடுக்கலாம். தறியை என்ன செய்வது?

மரங்களைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். குழி வராதே! தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் துணி வளரும். புது வீட்டிலும் தரையைத் தோண்ட வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? மாடி வீடு என்றால், குழி வேண்டாத சட்டத்தறிக்கு மாற வேண்டியதுதான்.

வேண்டாத சாமானைக் கழிக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் நுனிகள் தொங்கும். பார்த்தால் குப்பை. அதுதான் சொத்து!

பாவு முடிந்ததும் அதை அடியோடு உருவுவதில்லை. நுனியை விட்டு அறுத்து, புதுப் பாவை இழைக்கு இழை அதோடு இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! நுனி போய்விட்டால், அத்தனையையும் விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்க வேண்டும்.

கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. கட்டத்துக்குப் பாவில் எந்த நிறம், எத்தனை இழை என்ற கணக்கு அந்த நுனிகளில் இருக்கிறது. அச்சும் விழுதும் ஒரு துணி மூட்டையில் அடங்கும். அதை வண்டியில் போடாமல், மடியில் வைத்துக்கொண்டு போவது நல்லது.