சோப்பு விற்கும் முறையும் நல்வழக்கம் பரப்பும் முறையும்

சோப்பு, பற்பொடி, தேயிலைத் தூள் முதலிய பண்டங்களை மக்கள் எக்காரணம் பற்றி வாங்குகின்றனர், ஒன்றை விடுத்து மற்றொன்றை ஏன் தேர்ந்தெடுக்கின்றனர் என்பவற்றை ஆராயும் துறைக்கு நுகர்வோர் நடத்தை இயல் என்று பெயர். இத்துறையிற் கண்ட உண்மைகளைக் கொண்டு, புகை பிடிப்போரை அப்பழக்கத்தினின்று மீட்கவும், நோயாளிகள் மருந்தைத் தவறாது உட்கொள்ளுமாறு செய்யவும் இயலுமா என்னும் வினா பின்னர் எழுந்தது. இவ்வினாவிலிருந்து பிறந்ததே சமூக விற்பனை இயலாகும். இங்கு விற்கப்படுவது ஒரு பழக்கம். விற்பவருக்கு அதனால் இலாபம் இல்லை. நன்மை அனைத்தும் வாங்குவோரையும் அவர்தம் சமூகத்தையுமே சாரும்.

அமெரிக்க உளநூலறிஞரான ஜி. டி. வீப் என்பார், தோழமையுணர்வையும் சோப்பைப் போல விற்க முடியாதா என்ற கேள்வியை எழுப்பி, 1951-52-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வாயிலாக நடைபெற்ற நான்கு பிரசாரங்களை அவர் ஒப்புநோக்கினார். அவற்றுள் ஒன்று, கேட் ஸ்மித் என்னும் பாடகி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானொலியில் பேசிப் போர்க் கடன் பத்திரங்களை விற்றது. 1943-ஆம் ஆண்டில் ஒரே நாளில் 3 கோடியே 90 லட்சம் டாலர் பெறுமான பத்திரங்களுக்கு வாக்குறுதி கிடைத்தது. இதற்கு மாறாக, 1951-இல் அமெரிக்கச் செனட்டு சபையின் குழுவொன்று குற்றக் கும்பல்களைப் பற்றி நடத்திய விசாரணையைத் தொலைக்காட்சியிற் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். ஆனால் அக்கொதிப்பைச் செயலாக்க அவர்களுக்கு வழி ஏதும் இருக்கவில்லை.

இவ்வேற்றுமைக்குக் காரணம் பேச்சின் வன்மையன்று என்பது வீப் கண்ட முடிவு. அவர் ஐந்து கூறுகளைச் சுட்டினார். மனத்தில் ஊக்கம் எழவேண்டும்; அவ்வூக்கம் செல்லவேண்டிய திசை தெரியவேண்டும்; செயலை ஏற்று முடிக்க ஓர் அமைப்பு வேண்டும்; அவ்வமைப்பு தன் பணிக்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும்; அதனை எய்துவதற்கு ஆகும் முயற்சி, அதாவது தூரம், குறைவாக இருத்தல் வேண்டும். கடன் பத்திரம் வாங்க நினைத்தவருக்குத் தொலைபேசி அருகிலேயே இருந்தது. சோப்பு வாங்குவோருக்குக் கடை தெருமுனையில் இருக்கிறது. நல்வழக்கத்திற்கோ பெரும்பாலும் கடையே இல்லை! 1971-இல் பிலிப் காட்லர், ஜெரால்டு சால்ட்மன் என்னும் பேராசிரியர் இருவர் இக்கருத்தை விரிவாக்கி, பண்டம், விலை, கிடைக்குமிடம், விளம்பரம் ஆகிய நான்கையும் ஒருசேரத் திட்டமிடுவதே சமூக விற்பனை என வரையறுத்து, அப்பெயரையும் வழங்கினர்.

பெயர் வழக்கிற்கு வருமுன்பே செயல் இந்தியாவில் தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1964-இல் கல்கத்தாவிலுள்ள இந்திய நிர்வாகவியல் கழகத்தைச் சேர்ந்தோர், கருத்தடை உறைகளை மருத்துவமனைகளில் மட்டும் வைத்திராமல் சாதாரணக் கடைகளின் வாயிலாக விற்கலாம் என்று அரசாங்கத்திற்கு யோசனை கூறினர். அதன்படி 1968-இல் 'நிரோத்' விற்பனைக்கு வந்தது. மூன்று உறைகள் 15 பைசா. தேயிலை, சோப்பு, சிகரெட்டு, மின்கல அடுக்கு ஆகியவற்றை நாடெங்கும் விற்றுவந்த ஆறு பெரிய நிறுவனங்கள், தத்தம் சரக்குகளுடன் இதனையும் ஏற்றிச்சென்றன. வீப் கூறிய தூரத்தைக் குறைப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு காண்பதரிது. வெட்கத்தினால் உண்டாகும் தூரம் மட்டும் அவ்வளவு எளிதிற் குறையவில்லை.

கைபேசி பரவியபின் இவ்வாராய்ச்சி புதிய கட்டத்தை அடைந்தது. சுவரொட்டியை யார் படித்தார், படித்தபின் என்ன செய்தார் என்று அறிவது கடினம். கைபேசிக்கு அனுப்பும் செய்தியோ ஒரு குறிப்பிட்ட மனிதரைக் குறிப்பிட்ட வேளையில் சென்றடைகிறது. அவர் மறுமொழி கூறவும் கூடும். இதைவிட முக்கியமானது, செய்தி பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையிற் பிரித்து, விளைவை அளந்து ஒப்பிடுவது எளிதாயிற்று.

லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கரோலின் ஃபிரீயும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனை இவ்வகையிற் சிறந்ததாகும். பிரிட்டனில் புகை பிடிப்பதை விட விரும்பிய 5,800 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் புகையை விடும் நாளொன்றைக் குறித்துக்கொண்டனர். முதல் ஐந்து வாரங்களில் நாள்தோறும் ஐந்து செய்திகளும், அடுத்த 26 வாரங்களில் வாரத்திற்கு மூன்று செய்திகளும் அவர்களுக்கு அனுப்பப்பட்டன. சாம்பல் கிண்ணங்களை எறிந்துவிடுமாறும், புகையை விடுவதற்குரிய காரணங்களை எழுதி வைக்குமாறும் அவை கூறின. உடல் பருத்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அதற்கேற்ற செய்திகள் சென்றன. வேட்கை மீறும்போது ஒரு சொல்லை அனுப்பினால் உடனே துணைமொழி வரும். தவறிப் புகைத்துவிட்டால் மற்றொரு சொல்லை அனுப்பலாம். மற்றப் பாதியினருக்கு, புகையை விடுவது பற்றி ஒன்றும் கூறாத, சோதனையிற் பங்குகொண்டமைக்கு நன்றி கூறுவது போன்ற செய்திகள் இரு வாரங்களுக்கொரு முறை சென்றன.

ஆறு மாதம் கழிந்தபின், புகையை விட்டதாகக் கூறியோரின் சொல்லை மட்டும் ஆராய்ச்சியாளர் நம்பிவிடவில்லை. நிகோட்டின் உடலில் சிதைந்து கோட்டினின் என்னும் பொருளாக மாறி உமிழ்நீரிலும் கலந்திருக்கும். அஞ்சல் வழியே உமிழ்நீரைப் பெற்று அதனைச் சோதித்தனர். தொடர்ந்து புகையாதிருந்தோர், செய்தி பெற்றவர்களுள் 100-க்கு 10.7; பெறாதவர்களுள் 4.9. முடிவு 2011-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. பயன் இரு மடங்கு என்பது உண்மை. ஏறத்தாழ 90 பேருக்கு அது பயன்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஆயினும் ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவு எவ்வளவு சிறிது என்பதை எண்ணினால் இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிட இயலாது.

செய்தி மிகுந்தால் பயன் மிகும் என்று கொள்வதும் தவறு. கென்யா நாட்டில் எச்.ஐ.வி. நோயாளிகளிடையே நடந்த இரு சோதனைகள் இதனை விளக்கும். ஒன்றில், வாரத்திற்கொரு முறை நலம் விசாரிக்கும் ஒரே ஒரு சுவாகிலிச் சொல் அனுப்பப்பட்டது. நலமெனில் ஒரு சொல், தொல்லையெனில் ஒரு சொல் என்று நோயாளி 48 மணி நேரத்திற்குள் விடையளிக்கவேண்டும்; விடை வராவிடினும், தொல்லை என்று வந்தாலும், மருத்துவ மனையிலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் செய்தி பெற்றவர்களில் 100-க்கு 62, மற்றவர்களில் 50. மற்றொரு சோதனையில், மருந்துப்புட்டி திறக்கப்படும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மின்னணு மூடி பயன்படுத்தப்பட்டது. 48 வாரங்களில், வாராந்தர நினைவூட்டல் பயன் தந்தது. நாள்தோறும் அனுப்பிய நினைவூட்டல் பயன் தரவில்லை. ஊக்கமொழிகளைச் சேர்த்து நீட்டியதாலும் நன்மை மிகவில்லை. நாள்தோறும் ஒலிக்கும் மணியோசை விரைவிற் பழகிப்போகும் போலும்.

விலையைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்றும் கென்யாவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. இலவசமாகப் பெற்ற பொருளை மக்கள் மதிப்பதில்லை. சிறு தொகையேனும் வாங்கினால்தான் பயன்படுத்துவார்கள் என்பது சமூக விற்பனையாளர் பலரின் கொள்கை. ஜெசிக்கா கோகன், பாஸ்கலின் டூபா என்னும் பொருளியலறிஞர் இருவர், கருவுற்ற பெண்களுக்குக் கொசுவலைகளை வெவ்வேறு மருத்துவ நிலையங்களில் வெவ்வேறு விலைக்கு அளித்துப் பார்த்தனர். இலவசமாக இருந்தது 60 அமெரிக்க சென்டாக உயர்ந்ததும், பெற்றுக்கொண்டோர் தொகை 100-க்கு 60 என்ற அளவில் வீழ்ந்தது. விலை கொடுத்துப் பெற்றவர்கள் வலையைக் கூடுதலாகப் பயன்படுத்தவும் இல்லை. 2010-இல் வெளியான இம்முடிவு, நிரோத் போன்ற திட்டங்களின் அடிப்படையையே ஓரளவு மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது எனலாம்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சு 'கில்காரி' என்னும் சேவையை நாட்டளவில் தொடங்கியது. கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை, வாரத்திற்கொன்றாக 72 செய்திகள் தாயின் குடும்பத்துக் கைபேசிக்கு வரும். எழுத்தறியாதோரும் கேட்டுப் பயனடையும் பொருட்டு இவை எழுத்தாக அன்றிக் குரலாகவே அனுப்பப்படுகின்றன. அனிதா என்னும் கற்பனை மருத்துவரின் குரல் அது.

மத்தியப் பிரதேசத்தில் இச்சேவையைக் குலுக்கல் முறையிற் சோதித்த முடிவு 2022-இல் வெளியாயிற்று. கருத்தடைக்குரிய தற்காலிக முறைகளைப் பயன்படுத்துவோர் தொகை சற்று உயர்ந்திருந்தது. ஆனால் முதல் ஆறு மாதங்களில் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே அளிக்கும் வழக்கத்தில் மாறுதல் காணப்படவில்லை. ஒரே குரல், ஒரே கருவி, ஒரே குடும்பங்கள். விளைவு மட்டும் வேறு. தாய்ப்பால் அளிப்பதில் மாமியார், மருத்துவச்சி, வேலைக்குச் செல்லும் நேரம் ஆகிய பலவும் தலையிடுகின்றன என்பதை நினைத்தால் இதில் வியப்பொன்றுமில்லை.

மேலும், கைபேசி யாருடையது என்பதும் ஒரு கேள்வி. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உடையோர் 100-க்கு 54 பேரே. கணவன் கைபேசியுடன் வயலுக்கோ தொழிற்சாலைக்கோ சென்றிருக்கும் வேளையில் வரும் அழைப்பு, அவன் காதோடு நின்றுவிடலாம். மணி ஒலித்ததையும், அழைப்பு எடுக்கப்பட்டதையும், எத்தனை விநாடி கேட்கப்பட்டது என்பதையும் கணிப்பொறி பதிவு செய்துகொள்ளும். கேட்டவர் யார் என்பது மட்டும் அதற்குத் தெரிவதில்லை. அதனை அறிய வேண்டின், கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்று தாயைக் கண்டு கேட்டாகவேண்டும்.