எண்ணூர் எண்ணெயை பாக்டீரியா தின்றுவிடுமா?

2023 டிசம்பர் 17-க்குள் எண்ணெயை அள்ளி முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை மணலிப் பக்கமிருந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த எண்ணெயைப் பற்றி வந்த கடிதங்களில் பாதியில் ஒரே கேள்வி: அள்ளியதுபோக மிஞ்சியதை பாக்டீரியா தின்றுவிடுமாமே?

தின்னும். ஆனால் அதிகாரிகள் ‘உயிரிவழிச் சீரமைப்பு’ என்றால், பல சமயம் ‘இனி இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பாக்டீரியாவின் நொதி முதலில் ஆக்சிஜனை எண்ணெய் மூலக்கூறுக்குள் செருக வேண்டும். நீள்சங்கிலிக்கு ஓர் அணு, நாஃப்தலீன் போன்ற வளையத்துக்கு இரண்டு. அதன் பிறகே சங்கிலி அறும், வளையம் உடையும். ஆக்சிஜன் இல்லாமலும் சிதைவு நடக்கும், ஆமை வேகத்தில். எண்ணூரின் அலையாத்திச் சேற்றிலோ மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது.

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போட்டார்கள். மேற்பரப்பில் சிதைவு வேகமெடுத்தது. இருபது ஆண்டு கழித்தும் கூழாங்கல்லுக்கு அடியில் எண்ணெய் கிடந்தது.

என்னை உறுத்துவது அளவீடு. ஆக்சிஜன் ஏறி அரைகுறையாகச் சிதைந்த இடைப்பொருள்கள் நீரில் எளிதில் கரைபவை. ‘மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்’ சோதனையில், சேற்றிலிருந்து பிரித்த சாற்றை சிலிகா ஜெல் வழியே வடித்தால் அவை அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராது. தாளில் எண்ணெய் குறைந்திருக்கும். அந்த இடைப்பொருள்களில் சில, மூலப்பொருளைவிட நஞ்சு என்பதை அந்தத் தாள் சொல்லாது.

மற்ற கேள்விகள்:

மூட்டையில் வரும் பாக்டீரியா? அள்ளிய கசடைக் குழியில் போட்டுக் கிளறினால் பலன் உண்டு. 2017-இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயின் கசடுக்கு அதைச் செய்தார்கள். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் அடித்துக்கொண்டு போகும்.

இங்கும் உரம் போடலாமா? பலன் இருக்காது; சாக்கடை கலக்கும் நீரில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை.

எண்ணெய் தின்ன விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி மரபணு மாற்றிய பாக்டீரியா? 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வென்றது. கடலில் இறங்கவே இல்லை.

எவ்வளவு நாள்? லேசான பகுதிக்கு வாரங்கள், நான்கைந்து வளையம் உள்ளவற்றுக்கு ஆண்டுகள்.

எண்ணெயில் உள்ள உலோகம்? அதை எந்த பாக்டீரியாவும் சிதைக்காது.

‘இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று அறிக்கை வந்தால், சேற்றை எந்த ஆழத்தில் எடுத்தார்கள், இடைப்பொருள்களைத் தேடினார்களா என்று கேளுங்கள். பதில் இல்லாத அறிக்கையை நம்ப வேண்டியதில்லை.