திங்கட்கிழமை பிரட்டுக்குள் திரும்ப வேண்டிய பஸ்

நோட்டன் பிரிட்ஜ் பஜாரில் நின்று, கதிர்காமத்துக்கு ஒரு பஸ் ஹயருக்கு எடுக்க எவ்வளவு என்று மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விலை வரும். மூன்றுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் செலவு அளவுக்கு வித்தியாசம் இருக்கும். கேட்கப் போன கோயில் கமிட்டிக்காரர் கூடிய விலை சொன்னவரைக் கொள்ளைக்காரன் என்றும், குறைந்த விலை சொன்னவரை நல்ல மனுசன் என்றும் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பை மாற்றிப் படித்தால்தான் பல நேரம் சரியாக வரும்.

மலையகத்தில் பஸ் ஹயர் என்பது உல்லாசப் பயணக்காரர்களின் சமாச்சாரம் மட்டுமல்ல. ஆடி மாதம் கதிர்காமம், ஆவணியில் முன்னேஸ்வரமும் நல்லூரும், ஓகஸ்ட் 15க்கு மடு மாதா, சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம், நடுவில் கல்யாணம், பாடசாலைச் சுற்றுலா, மே தினக் கூட்டம் என்று தோட்டத்தில் வருசம் முழுக்க யாராவது ஒரு கமிட்டி ஒரு பஸ்ஸைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அந்த வாடகை எப்படி உருவாகிறது என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பேரம் மட்டும் நடக்கும்.

முதல் சிக்கல் ஊர்தான். நோட்டன் பிரிட்ஜ் கெஹெல்கமு ஓயாக் கரையில் இருக்கிற சின்னக் கடைவீதி. அணைக்கட்டு, விமலசுரேந்திர நீர்மின் நிலையம், சுற்றிலும் தேயிலை. கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி போகிற பாதை இதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற பெரிய பஸ்ஸை ஹயருக்குப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹட்டனுக்கோ கினிகத்தேனைக்கோதான் போக வேண்டும். அந்த பஸ் உங்களை ஏற்ற வெறுமையாக வரும், இறக்கிவிட்டு வெறுமையாகப் போகும். அந்த வெறும் ஓட்டத்துக்கும் டீசல் எரிகிறது. நீங்கள் ஏறாத கிலோமீற்றருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். விலை சொல்பவர் அதைத் தனியாகச் சொல்ல மாட்டார், மொத்தத்தில் போட்டுவிடுவார்.

இன்னொன்று, பஸ் எங்கே வந்து நிற்கும் என்பது. 'கோயில் வாசலுக்கே வரணும்' என்று கமிட்டி கேட்கும். தோட்டத்து ரோடு வழியாக மேல்பிரிவுக்கு 54 இருக்கை லேலண்டைக் கொண்டுவரச் சொன்னால் டிரைவர் தலையைச் சொறிவார். கொண்டை ஊசி வளைவில் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும், மழை பெய்தால் வழுக்கும், பின்பக்கம் கல்லில் இடித்தால் பம்பர் போகும். அதற்கு ஒரு தொகை ஏறும். சந்தியில் ஏறிக்கொள்கிறோம் என்றால் அந்தத் தொகை குறையும். ஆனால் கிழவிகளையும் பொங்கல் பானைகளையும் சந்திக்குக் கொண்டு சேர்க்க ஆட்டோவுக்கும் லொறிக்கும் கொடுத்து எப்படியும் கணக்கு நேராகிவிடும்.

இனி டீசல். நோட்டனிலிருந்து கதிர்காமம் போய்வர, அங்கே இங்கே அலைச்சலோடு சேர்த்து 450 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் நிறைந்த பெரிய பஸ் மலைப்பாதையில் லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றர் ஓடினால் சுமார் 130 லீற்றர் வேண்டும். 2022 தொடக்கத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா, ஆகவே எண்ணெய்ச் செலவு பதினாறாயிரத்துக்குள். அதே வருசம் ஜூன் கடைசியில் 460 ரூபா. அப்போது இதே பயணத்துக்கு டீசல் மட்டும் கிட்டத்தட்ட அறுபதாயிரம். 2025 ஜூலையில் 289 ரூபா, அதாவது முப்பத்தேழாயிரத்துச் சொச்சம். டீசல் இறங்கினாலும் வாடகை ஏன் பழைய இடத்துக்கு இறங்கவில்லை என்று கமிட்டி கேட்பது நியாயம்தான். டயர், ஒயில், பிரேக் லைனிங், பற்றரி எல்லாம் டொலர் ஏறியபோது ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டன என்பது பஸ்காரரின் பதில். அதிலும் பொய்யில்லை.

ஒரே 450 கிலோமீற்றர் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. இந்தப் பயணத்தில் பஸ் நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்துக்கு ஏறி, வெலிமடை, பண்டாரவளை, எல்ல கடந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. திரும்பும்போது அதே உயரத்தை மறுபடி ஏற வேண்டும். ஏற்றம் டீசலைத் தின்கிறது, இறக்கம் பிரேக்கைத் தின்கிறது. அனுராதபுரத்துக் கிலோமீற்றர் விலையை நோட்டன்காரரிடம் சொல்லிப் பேரம் பேசுவதில் பிரயோசனமில்லை.

பாதைத் தெரிவும் முன்போல இல்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குவழியில் கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த சுற்றுலா பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தச் சரிவான குறுக்குப் பாதையில் பஸ்ஸும் பார வாகனங்களும் போகத் தடை வந்தது. பிரதான வீதியால் சுற்றிப் போனால் நேரமும் எண்ணெயும் கொஞ்சம் கூடும். 'முன்னயெல்லாம் ரதல்லயால போயிருவோமே' என்று இன்னும் யாராவது சொன்னால், அந்தச் சிக்கனத்தின் விலை என்னவென்று நானுஓயாவில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆனால் இவ்வளவும் சில்லறை. தோட்டத்து ஹயரில் வாடகையை உண்மையில் முடிவு செய்வது தூரத்தை விட நேரம்தான்.

தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது; 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1750 ஆக்குவதாக அறிவித்தார்கள். எதுவானாலும் ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அதனால் பயணம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு கிளம்பும். ஞாயிறு இரவு முழுக்க ஓடி, திங்கள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு முன்னால் வீட்டில் இறங்கிவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் திங்கள் பள்ளிக்கூடம். பேரம் இப்படித்தான் போகும்:

"முதலாளி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டே நாள்தானே."

"ரெண்டு நாளா? வெள்ளி ராத்திரி ஏறி திங்க விடிய இறங்குறீங்க தலைவரே. அது மூணு ராத்திரி."

"ராத்திரில பஸ் சும்மாதானே நிக்கப் போகுது."

"நிக்கிறது ஒரு ராத்திரிதான். மத்த ரெண்டும் டிரைவர்தானே முழிச்சிருக்கணும்?"

இந்த இடத்தில்தான் மலிவு விலையும் நியாய விலையும் பிரிகின்றன. கூடிய விலை சொன்னவர் இரண்டாவது டிரைவருக்குச் சம்பளம், இரண்டு பேருக்கும் சாப்பாடு, கதிர்காமத்தில் படுக்க ஓர் இடம் என்று போட்டிருப்பார். குறைந்த விலை சொன்னவர் ஒரே டிரைவரை அனுப்புவார். அவர் திங்கள் முதல் வெள்ளி வரை ரூட்டில் ஓடிவிட்டு, வெள்ளி மாலை கடைசி டிரிப் முடிந்து, முகம் கழுவிக்கொண்டு உங்கள் ஹயருக்கு ஏறுகிறவராக இருக்கலாம். பகலில் சாமி கும்பிட நீங்கள் போகும்போது அவர் பஸ்ஸின் பின்சீட்டில் வெயிலில் படுத்திருப்பார். தரிப்பிடத்தில் பாட்டுப் பெட்டி அலறும். அதைத் தூக்கம் என்று கணக்கில் எழுத முடியாது.

இரவுப் பயணம் என்றதும் 2025இல் நடந்த இரண்டு விபத்துகள் நினைவுக்கு வருகின்றன. மே 11 விடியற்காலை கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி வந்த இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருக்கைக்கு மேல் ஆட்கள் நிறைந்திருந்த பஸ் அது. செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்ற பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறாகச் சொல்லப்பட்டன. அவற்றை இங்கே தீர்க்க நான் வரவில்லை. இரண்டும் இருட்டில் நடந்தன. இரண்டாவது, நோட்டன் பஸ் கதிர்காமத்துக்குப் போகிற அதே இறக்கத்தில் நடந்தது. ஞாயிறு இரவுப் பயணத்தை யோசிக்க இதுவே போதும்.

இரண்டாவது டிரைவருக்கு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபா கூடினால் ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 ரூபா. ஒரு தேங்காய்க் காசு. கமிட்டிகள் இதைக் குறைத்துவிட்டு, பஸ்ஸில் பெரிய ஸ்பீக்கரும் கலர் லைட்டும் வேண்டுமென்று அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். பாட்டுக்கு நான் எதிரியல்ல. ஆனால் பிரேக் லைனிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்பீக்கர் எத்தனை வாட் என்று கேட்கிற கமிட்டியைப் பார்த்தால் சிரிப்பு வராது.

சீசன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ்கள் ஓயாமல் ஓடும், வார இறுதியில் ஹயருக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலமும் புத்தாண்டும் சேர்ந்து வரும். மே முதலாம் திகதி கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பஸ்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அன்று கல்யாணம் வைத்தவர் பாடு திண்டாட்டம்தான். ஐப்பசி மழையில் கேட்டால் அதே பஸ் கணிசமாகக் குறைந்து வரும். ஆனால் அந்த மழையில் மலைப்பாதையில் மண் சரியும் பயம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்த அழிவுக்குப் பிறகு, சுற்றுப்பாதையில் போக நேர்ந்தால் அந்தக் கூடுதல் டீசலை யார் தருவது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

பஸ் வகையும் விலையை மாற்றும். மூன்றும் இரண்டுமாக இருக்கை போட்ட சாதாரண லேலண்டில் 54 பேர். இரண்டுக்கு இரண்டு இருக்கை போட்ட ஏசி பஸ் என்றால் ஆள் குறையும், வாடகை கூடும். இருபத்தைந்து பேருக்கு உட்பட்ட குழு என்றால் ரோசாவோ கோஸ்டரோ போதும். ஆனால் முப்பத்தைந்து பேர் இருக்கிற குழுதான் பாவம். சின்ன பஸ் போதாது, பெரிய பஸ் நிறையாது. ஏசியும் ஏற்றத்தில் சும்மா ஓடாது. தலவாக்கலை தாண்டி ஜன்னலைத் திறந்தால் வருகிற குளிருக்கு மேல் எதற்கு ஏசி என்று கேட்கலாம். வெல்லவாய தாண்டியதும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு விசயம் பஸ்ஸின் வயது. 2020இல் வந்த வாகன இறக்குமதிக் கட்டுப்பாடு தளர ஐந்து வருசம் பிடித்தது. அதற்குள் இருந்த வண்டிகளின் விலை ஏறியது, பழைய வண்டிகள் இன்னும் பழையதாகின. லீசிங் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர் அதையும் உங்கள் வாடகையில்தான் தேடுவார். தவணை முடிந்த பழைய பஸ் மலிவாக வரும். அதில் என்ன மாற்றியிருக்கிறார்கள், என்ன மாற்றவில்லை என்று கேட்பது உங்கள் பொறுப்பு.

அனுமதிப் பத்திரமும் உண்டு. ரூட் பஸ் தன் ரூட்டை விட்டு வேறு பயணம் போக அனுமதி வேண்டும். கதிர்காமம் என்றால் மத்திய மாகாணத்தைத் தாண்டிப் போகிறது. இதை எடுக்காமல் ஓடுகிறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் மிச்சம் பிடிக்கிறார், விலையையும் குறைக்கிறார். வழியில் பொலிஸ் நிறுத்தினால் ஐம்பது பேரும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். விபத்து என்று வந்துவிட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

இலங்கை போக்குவரத்துச் சபை டிப்போவிலும் பஸ்ஸை வாடகைக்குக் கேட்கலாம். கட்டணம் எழுத்தில் இருக்கும், ரசீது வரும், பேரம் கிடையாது. டிப்போவிலிருந்து புறப்பட்டு டிப்போவுக்குத் திரும்பும் வரை கணக்கு. தனியாரை விட இது மலிவா என்பது பயணத்தைப் பொறுத்தது. பழைய ஆட்கள் இன்னும் சி.டி.பி. பஸ் என்றுதான் சொல்வார்கள், அதன் டிரைவர்மேல் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பண்டிகைக் காலத்தில் டிப்போவுக்கே ரூட்டில் விட பஸ் போதாது என்பதால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, குழுவின் கையிலேயே இருக்கிற ஒரு விசயம். வாடகை 120,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஐம்பது பேர் என்று ஆளுக்கு 2400 வசூலிக்கிறீர்கள். கிளம்புகிற வாரத்தில் ஒரு வீட்டில் மரணம், இன்னொரு வீட்டில் அம்மை, பத்துப் பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் நாற்பது பேருக்கு அது 3000 ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு நாள் சம்பளம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் வழியில் ஆள் ஏற்றுவது, ஒரு சீட்டில் பிள்ளைகளோடு நான்கு பேரை நெருக்குவது எல்லாம் நடக்கிறது. சில தோட்டங்களில் மாதர் சங்கம் ஆறு மாதத்துக்கு முன்பே சம்பள நாளுக்குச் சம்பள நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுப் போலச் சேர்க்கிறது. நின்றவருக்கு அரைவாசிதான் திருப்பித் தருவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சண்டை வருகிறது. ஆனாலும் பஸ் நிறைகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும்போது வாங்குகிற துண்டில் பெரும்பாலும் திகதியும் தொகையும் மட்டுமே இருக்கும். பஸ் இலக்கம், எந்தப் பாதை, எத்தனை டிரைவர், சாப்பாடு யார் பொறுப்பு, பழுதானால் மாற்று பஸ்ஸை யார் அனுப்புவது, இத்தனையையும் அதே துண்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடக் கால்மணி நேரம்கூட ஆகாது. எழுத மறுக்கிறவரின் மலிவு விலையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.