குண்டை விழுங்கிய கிளிஞ்சல் சுவர்

1740 ஜூன் மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரை ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஓக்லதோர்ப் முற்றுகையிட்டார். விரிகுடாவுக்கு அப்பாலுள்ள அனஸ்தாசியா தீவிலிருந்து அவருடைய பீரங்கிகள் ஸ்பானியரின் சான் மார்கோஸ் கோட்டையை 27 நாள் தாக்கின. வேறு கோட்டையாக இருந்தால் சுவர் பிளந்து சரிந்திருக்கும். இங்கே குண்டுகள் சுவருக்குள் புதைந்துபோயின. பட்ட இடத்தில் ஒரு குழி, அவ்வளவுதான். முற்றுகை தோற்றது.

காரணம் சுவரின் கல். கோக்கினா என்று பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் விரல்நகம் அளவுள்ள கிளிஞ்சல்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருப்பது தெரியும். கடலோரத்தில் குவிந்த சிப்பிகளின் சுண்ணாம்பை மழைநீர் சிறிது கரைத்து, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் மீண்டும் படியவைத்தது. நடுவில் இண்டு இடுக்குகள் அப்படியே நின்றுவிட்டன. கருங்கல்லில் குண்டு மோதினால் விரிசல் நெடுந்தூரம் ஓடும். சில்லுகள் தெறித்து உள்ளே நிற்பவரையே கொல்லும். கோக்கினாவில் விரிசல் அடுத்த துளையோடு நின்றுவிடுகிறது. கிளிஞ்சல்கள் நொறுங்கித் துளைகளுக்குள் அமுங்குகின்றன. குண்டின் வேகமெல்லாம் அந்த நொறுக்கலிலேயே தீர்ந்துபோகிறது.

இதை யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பிருந்த மரக்கோட்டைகள் மட்கியும் எரிந்தும் போயின. 1668இல் கடற்கொள்ளையர் நகரைச் சூறையாடிய பிறகே ஸ்பெயின் கல்கோட்டைக்குச் சம்மதித்தது. அக்கம்பக்கத்தில் கிடைத்த கல் இது ஒன்றுதான். 1672இல் தொடங்கிய வேலை 1695இல் முடிந்தது. சாந்துக்கு, நம் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டதுபோலவே, அங்கே சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கல்லை வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் திமுக்குவா, குவாலே, அப்பலாச்சி பழங்குடி மக்கள். இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது தளபதிகளுக்கு முன்னால் அவர்களைச் சொல்வதே நியாயம்.

1702இலும் ஒரு முற்றுகை நடந்தது. கரோலைனா ஆளுநர் ஜேம்ஸ் மூர் ஊரைக் கைப்பற்றினார். சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் ஏறக்குறைய 50 நாள் தஞ்சமிருந்தார்கள். ஹவானாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வந்ததும் மூர் ஊரை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். கோட்டைக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பீரங்கிக்கு அசையாத இந்தக் கல் மழைக்கும் உரசலுக்கும் இளகியது. அன்று சுவர் முழுக்கப் பூசியிருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் காரை இன்று பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால் சுவரில் ஏறாதீர்கள், உட்காராதீர்கள்.