மிளகுக் கொடியும் எகிப்தின் விண்மீனும்

குமுளி மலைச்சரிவுகளில் மிளகு பயிரிடுவோர், கொடி நடும் காலத்தை ஒரு விண்மீனின் பெயரால் குறிப்பது நெடுநாள் வழக்கம். ‘திருவாதிரை ஞாற்றுவேலை’ என்பது அக்காலத்தின் பெயர். சூரியன் ஓராண்டில் கடக்கும் வான்பாதையை 27 நட்சத்திரப் பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அது தங்கும் 13 அல்லது 14 நாள்களை ஒரு ஞாற்றுவேலை எனக் கேரளத்தார் கணக்கிடுகின்றனர். ஞாயிற்றின் வேளை என்பதே இச்சொல்லுக்குக் கூறப்படும் பொருள். திருவாதிரைக்குரிய நாள்கள் ஜூன் 22 அளவில் தொடங்கி, ஜூலை முதல் வாரத்தில் முடிகின்றன. விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இடையே தோன்றும் வெயிலும், நட்ட தண்டு வேரூன்றித் தாங்குமரத்தைப் பற்றிக்கொள்ள ஏற்றவை.

அந்நிய வணிகர்கள் மிளகுக் கொடியை எடுத்துச் செல்வது கண்டு அமைச்சர் கலங்கியபோது, “கொடியைக் கொண்டு போகட்டும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக இயலாதே” எனக் கோழிக்கோட்டுச் சாமூதிரி ஆறுதல் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. மழையைக் கொண்டு போக இயலாது என்பது உண்மையே. ஆனால் விண்மீன் எல்லா நாட்டாருக்கும் பொது. திருவாதிரை இடம்பெற்றுள்ள ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பண்டைய எகிப்தியரும் தம் காலக்கணக்கில் சேர்த்திருந்தனர். ஓரியனை ஒசைரிஸ் தெய்வத்தோடும், அதன் பின்னே உதிக்கும் ஒளிமிக்க சிரியஸ் விண்மீனை ஐசிஸ் தெய்வத்தோடும் அவர்கள் தொடர்புபடுத்தினர்.

சிரியஸ் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 நாள்கள் சூரிய ஒளியில் மறைந்திருக்கும். பின்னர் ஒரு விடியலில், சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு, கிழக்கே மீண்டும் தோன்றும். பண்டைக் காலத்தில் இந்நிகழ்வு ஜூலை மாதத்தில், நைல் நதியில் வெள்ளம் பெருகும் பருவத்தை ஒட்டி அமைந்தது. வெள்ளம் படியவிட்ட வண்டலில்தான் எகிப்தின் வேளாண்மை நடந்தது. எனவே அவ்விண்மீனின் வருகை புத்தாண்டின் அடையாளமாயிற்று. இரவு நேரத்தை அறியவும் விண்மீன்களே துணை நின்றன. வானத்தை 36 விண்மீன் தொகுதிகளாக வகுத்து, பத்து நாளுக்கொரு தொகுதி விடியலில் புதிதாக எழுவதைக் கொண்டு அவர்கள் கணக்கிட்டனர்.

இவ்விரு நாடுகளையும் இணைப்பது வானம் மட்டுமன்று. நைல் வெள்ளத்தின் பெரும்பகுதி எத்தியோப்பிய மலைநாட்டின் கோடை மழையால் வருவது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பொழியும் அதே மாதங்களில்தான் அங்கும் மழை பெய்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயிலிருந்து மரக்கலங்கள் கோடையின் நடுவில், சிரியஸ் உதிப்பதற்குச் சற்று முன்போ உதித்தவுடனோ, புறப்படும் என முதல் நூற்றாண்டின் உரோம அறிஞர் பிளினி பதிவு செய்துள்ளார். பருவக்காற்றைப் பற்றி அவை முசிறியை அடைந்தன. பெரெனிகேயில் நடந்த அகழாய்வில், ஒரு கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. முசிறிக் கடல்வணிகத்துக்காகப் பெற்ற கடன் தொடர்பான இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் ஒன்றும் இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அன்றும் கடன் தவணை பயணம் முடியும் காலத்தையே சார்ந்திருந்தது.

எனினும், விண்மீன் மழையைக் கொணர்வதில்லை. அது நாளைக் காட்டும் குறி மட்டுமே. குறியும் பருவமும் மெல்ல விலகக்கூடும் என்பதை எகிப்தியர் அனுபவத்தில் கண்டனர். அவர்களது ஆட்சி நாட்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365 நாள்கள். கால் நாள் விடுபட்டதால், நான்கு ஆண்டுக்கொரு நாள் வீதம் அது பருவத்தை விட்டு நகர்ந்தது. நாளடைவில் கோடை விழாக்கள் குளிர்காலத்தில் வரத் தலைப்பட்டன. இதைத் திருத்த, நான்கு ஆண்டுக்கொரு முறை ஒரு நாளைக் கூட்டுமாறு கி.மு. 238-இல் கனோபஸ் சாசனம் பிறப்பிக்கப்பட்டது. ஆயினும் அச்சீர்திருத்தம் நிலைக்கவில்லை.

நம் ஞாற்றுவேலையிலும் இத்தகைய நகர்வு உண்டு. ஆனால் மிகவும் மெதுவானது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், விண்மீன்களை வைத்துக் கணிக்கும் ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளமானது. இதனால் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபாடு சேர்கிறது. ஆயிரம் ஆண்டுகளில் அது 14 நாள், அதாவது ஒரு முழு ஞாற்றுவேலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் திருவாதிரை ஞாற்றுவேலை, பருவத்தின் கணக்கில், இரு வாரம் முன்னதாகவே தொடங்கியிருக்கும். மழையோ ஆண்டுக்கு ஆண்டு இதனினும் பன்மடங்கு முன்பின்னாக வருகிறது.

ஆகவே, பஞ்சாங்கம் குறித்த நாளோடு வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பையும், தோட்டத்து மண்ணின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தே கொடி நடுவது நலம். பருவம் தவறி நட்ட தண்டு பட்டுப்போனால் அவ்விடத்தில் மறு நடவுக்குப் பெரும்பாலும் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும். விளைச்சலை நம்பிப் பெற்ற கடனுக்கும் அக்காத்திருப்பு சுமையாகும்.

ஆகஸ்டு மாதத்தில் மேகம் விலகிய ஒரு நாள், விடியலுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் கிழக்கே நோக்கினால், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களைக் காணலாம். அவற்றுக்கு இடப்புறம் செந்நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை. வலப்புறம் கீழே, அனைத்தினும் ஒளிமிக்கதாய்த் திகழ்வது எகிப்தியர் காத்திருந்த சிரியஸ்.