வாரம் ஒரு நாள் வகுப்பு

துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டோரதி சேயர்ஸ், 1947ல் ஆக்ஸ்ஃபர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். பாடங்களைக் கற்பிக்கிறோம், சிந்திக்கக் கற்பிப்பதில்லை என்பது அவரது குறை. இடைக்கால ஐரோப்பியக் கல்வியின் இலக்கணம், தர்க்கம், சொல்லாற்றல் மூன்றையும் அவர் பிள்ளைகளின் பருவங்களோடு பொருத்தினார்: முதலில் மனப்பாடம், பிறகு வாதம், அதன்பின் எடுத்துரைத்தல். இதை யாரும் நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்!

அமெரிக்கக் கிறிஸ்துவர்கள் அதை எடுத்துக்கொண்டனர். 1981ல் ஐடஹோவில் லோகோஸ் பள்ளி பிறந்தது. வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக, 1997ல் நார்த் கரோலைனாவில் லீ போர்டின்ஸ் என்ற தாய் 11 மாணவர்களுடன் ‘கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்’ வகுப்பைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள்தான் கூடுவார்கள். மற்ற நாள்களில் பெற்றோரே ஆசிரியர். மனப்பாடத்தைக் குறைசொல்லியே வளர்ந்த எனக்கு, அதை அடித்தளமாக்கியது வியப்பு. லத்தீன் தெரியாத அம்மாக்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே அதைக் கற்கிறார்கள்.