சுடுதண்ணிக் குளத்தில் இறங்கும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள்

பத்து காஜா – பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, ஆளுக்கொரு துண்டு, மாற்றுத் துணி, பத்து முட்டை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். பத்து காஜா, கோப்பெங், ஈப்போ வட்டாரத்துத் தம்பதிகள் பலருக்கு வாரக் கடைசிப் பயணம் என்றால் சுடுநீர் ஊற்றுதான். மலாயில் ஆயிர் பானாஸ்; நம்மவர்கள் வாயில் சுடுதண்ணிக் குளம்.

பேராக்கில் இதற்குப் பஞ்சமில்லை. ஈப்போவை ஒட்டிய தம்புனில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலேயே ஊற்று இருக்கிறது. அங்கே நீர் விளையாட்டுப் பூங்கா இருப்பதால் பேரப் பிள்ளைகளோடு போவோருக்கு அது ஏற்றது. கூட்டம் வேண்டாம், கிராமத்துச் சூழல் போதும் என்போர் சிம்பாங் பூலாய் பக்கம் உள்ள லுபுக் தீமாவுக்குப் போகிறார்கள். தெற்கே போனால் சுங்கையில் ஃபெல்டா நிலத் திட்டத்துக்குள் இருக்கும் சுங்கை கிளா, அதையும் தாண்டினால் உலு சிலிம். கடைசி இரண்டும் கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டில் தண்ணீர் வரும் இடங்கள் என்று பெயர் பெற்றவை. அந்த ஊற்றுக்கண்களில் யாரும் குளிக்க முடியாது. குளிர்ந்த நீர் கலந்த குளங்களில்தான் இறங்க வேண்டும்.

லுபுக் தீமா என்ற பெயரைக் கொஞ்சம் கவனிக்கலாம். லுபுக் என்றால் ஆற்றின் ஆழமான மடு, தீமா என்றால் ஈயம். கிந்தா பள்ளத்தாக்கையே உருவாக்கிய ஈயத்தின் பெயர் ஒரு சுடுநீர் ஊற்றுக்கு அமைந்ததில் பொருத்தம் இருக்கிறது. இரண்டுக்கும் தாய்ப்பாறை ஒன்றுதான்.

எரிமலை இல்லாத நாட்டில் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தீபகற்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சுடுநீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் எரிமலையோடு தொடர்பில்லை. தித்திவங்சா மலைத்தொடர் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகி, இறுகிய கருங்கல். அந்தக் கருங்கல்லில் நீண்ட வெடிப்புகள் உள்ளன. மலையில் பெய்யும் மழை அவற்றின் வழியே மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி கூடும். அதோடு, கருங்கல்லில் மிகச் சிறிய அளவில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடுகின்றன. இப்படிச் சூடான தண்ணீர் எங்காவது நேரான வெடிப்பு கிடைத்ததும், ஆறுவதற்குள் வேகமாக மேலே வந்துவிடுகிறது. அதனால்தான் ஊற்றுகள் பெரும்பாலும் மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் அமைகின்றன.

ஈயமும் இதே கருங்கல்லின் பிள்ளைதான். பாறை இறுகிய காலத்தில் வெளியான சூடான திரவங்கள் ஈயக் கனிமத்தைப் பாறை இடுக்குகளில் விட்டுச் சென்றன. மழையும் ஆறும் அதை அரித்து, கிந்தா பள்ளத்தாக்கில் கொண்டுவந்து சேர்த்தன. அதைத் தோண்டத்தான் ஈய லம்பங்கள் வந்தன. அந்த ஆதிகாலச் சூடு என்றோ ஆறிவிட்டது. இன்று ஊற்றில் வருவது அதன் மிச்சம் அன்று.

சில ஊற்றுகளில் லேசாக அழுகிய முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் சல்ஃபைட் என்ற வாயுதான் காரணம். அந்த வாடையை வைத்தே 'கந்தகத் தண்ணீர், எல்லா நோயும் போகும்' என்ற பேச்சு பரவியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தால் தசை இளகும், மூட்டு வலி கொஞ்ச நேரத்துக்குக் குறையும், இரவில் நல்ல தூக்கம் வரும். அது உண்மை. பால்மரம் வெட்டியே முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேர நிம்மதி சிறிய விஷயமல்ல. ஆனால் இனிப்பு நீரைச் சுடுநீர் குணப்படுத்தாது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் நால்வரில் ஒருவருக்கும் மேல். இந்த நோய் பல ஆண்டுகள் நீடித்தால் கால் நரம்புகள் பழுதடையும். முதலில் எரிச்சல், பிறகு ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு மரத்துப்போதல். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. 'கால் மரத்துப்போச்சு, சுடுதண்ணியில வச்சா உணர்ச்சி திரும்பிடும்' என்று யாரோ சொல்ல, நல்ல எண்ணத்தில்தான் கணவரை மனைவியோ, மனைவியைக் கணவரோ ஊற்றுக்கு அழைத்துப் போகிறார்கள்.

சூட்டை உணரும் நரம்பே வேலை செய்யாத காலுக்கு, தண்ணீர் 40 டிகிரியா 55 டிகிரியா என்று எப்படித் தெரியும்? நல்ல நரம்புள்ளவர் பட்டதும் காலை இழுத்துக்கொள்வார். மரத்த கால் அங்கேயே இருக்கும். 60 டிகிரி நீரில் சுமார் ஐந்து வினாடியிலேயே தோல் ஆழமாக வெந்துவிடும். 50 டிகிரி என்றால் சில நிமிடங்கள் போதும். வீட்டுக்கு வந்து படுக்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தப் புண் ஆறாமல், கிருமி ஏறி, விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைக்கும் போகலாம்.

முட்டையே ஒரு வெப்பமானி. மஞ்சள் கரு இறுகுவதற்கே 65 முதல் 70 டிகிரி வேண்டும். முட்டை வேகும் தொட்டியில் விரலும் வேகும். முட்டை அவிக்கும் இடத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காரும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குளத்தில் இறங்கும் முன் துணைவரின் கையோ முழங்கையோ முதலில் தண்ணீரில் படட்டும். "இருங்க, நான் கையை வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 38 முதல் 40 டிகிரி வரை குளிக்க ஏற்ற சூடு. இறங்கியதும் ஒரே இடத்தில் நிற்காமல் கவனமாக நகருங்கள். ஊற்றுக்கண் அருகே சூடு திடீரென்று கூடும். பதினைந்து நிமிடத்தில் மேலே வந்துவிட வேண்டும். ஏறியதும் ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. கால் ஏற்கெனவே மரத்துப்போனவர்களும் புண் உள்ளவர்களும் தண்ணீரில் இறங்காமல் கரையில் இருப்பதே நல்லது. அப்படியானால் எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்பார்கள்தான். மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுவதும் பயணம்தானே.

இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சூட்டில் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கையில் மிட்டாயோ இனிப்புப் பானமோ இருக்கட்டும். இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் மருந்து கெட்டுவிடும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுவோருக்குச் சுடுநீரில் ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் மேலும் குறையும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், தவிர்த்துவிடலாம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஊற்றிலேயே முடித்துவிடலாம் என்று நல்லெண்ணெய் போத்தலோடு வருகிறவர்களும் உண்டு. வழவழக்கும் கல்படியில் எண்ணெய்க் கால் எப்படி நிற்கும்? எண்ணெயை வீட்டிலேயே தேய்த்து அலசிவிட்டு வரலாம்.

கிராமத்து ஊற்றுகளில் பக்கத்திலேயே ஆறு ஓடும். சூட்டில் இருந்துவிட்டு ஆற்றில் குதிப்பது பலருக்குப் பிடித்த விளையாட்டு. காலில் வெட்டுக் காயம் இருந்தால் அது வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிசும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் காயத்தின் வழியே உடலுக்குள் நுழையக்கூடியவை. 2010இல் பகாங் லுபுக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில், மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களிடையே இவ்விரண்டும் பரவி உயிர்களைப் பறித்தன. மெலியோய்டோசிஸ் அதிகம் தாக்குவதும் இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் தலையை முக்குவதையும் தவிர்க்க வேண்டும். அத்தகைய நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளையைத் தாக்கும். மிக அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஊற்றுக்கும் ஆற்றுக்கும் போனதை கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் வழியாகப் போகிறவர்கள் கெல்லிஸ் காசலைக் கடந்துதான் செல்வார்கள். ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய அந்த மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றது. செங்கல் சுமந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளைக்காரத் துரையின் உருவமும் நிற்கும். நேரம் மிச்சமிருந்தால் தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக் கப்பலையும் பார்த்துவரலாம்.

திரும்பும் வழியில் காரில் செருப்பைக் கழற்றி இன்னொரு முறை பாதத்தைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல், பற்பசை, மஞ்சள் எதுவும் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.